படகில் எந்த இருக்கை? துடுப்பு வீரராக இருந்த தாத்தாவுக்கு மலர் எழுதும் முறை

சதாபிஷேகத்துக்கு நினைவு மலர் அச்சடிக்க வேண்டும் என்று மந்தைவெளியில் இருக்கும் என் டி.டி.பி. கடைக்கு வருகிறவர்களில் வங்கி மேனேஜர் வீட்டார், ரயில்வே அதிகாரி வீட்டார் எல்லாம் சுலபம். எந்த வருடம் எந்த ஊரில் வேலை என்று ஒரு பட்டியல் கையில் இருக்கும். குலதெய்வம் படம் இருக்கும். நாலு பேர் வாழ்த்துரை எழுதிக் கொடுத்திருப்பார்கள். விளையாட்டு வீரர் என்றால் கொஞ்சம் சிரமம். அதிலும் துடுப்புப் படகு, ரோயிங், என்றால் ரொம்பவே சிரமம். அவர் அந்தப் படகில் என்னதான் செய்தார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கிரிக்கெட் என்றால் எத்தனை ரன் என்று பேரன் கேட்டுவிடுவான். இதில் எதைக் கேட்பது?

நான் கல்லூரி நாட்களில் அடையாற்றில் காக்ஸாக இருந்தவன். படகின் வால் பக்கம், துடுப்புப் போடுகிறவர்களின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, சுக்கான் கயிற்றைப் பிடித்தபடி கத்துகிறவன்தான் காக்ஸ். எடை குறைவு, குரல் பெரிது. எனக்கு இருந்த தகுதி அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தால் இந்த மாதிரி மலர் வந்தால் நானே உட்கார்ந்து கேட்டு எழுதிக் கொடுப்பேன். உங்கள் வீட்டுப் பெரியவரை நீங்களே கேட்டு எழுதுவதாக இருந்தால் எப்படிச் செய்யலாம் என்று சொல்கிறேன்.

முதல் கேள்வி "என்ன பதக்கம் வாங்கினீர்கள்" என்று இருக்க வேண்டாம். "எந்த இருக்கை?" என்று கேளுங்கள். எட்டுப் பேர் படகாக இருந்தாலும் நாலு பேர் படகாக இருந்தாலும் ஒவ்வொரு இருக்கைக்கும் எண் உண்டு. படகின் மூக்கில் இருப்பவர் 1, அவரை 'போ' என்பார்கள். காக்ஸுக்கு நேர் எதிரே, கடைசி எண்ணில் இருப்பவர் 'ஸ்ட்ரோக்'. ஸ்ட்ரோக் போடும் தாளத்தைத்தான் மற்றவர்கள் எல்லோரும் பிடிக்க வேண்டும். அவர் தடுமாறினால் படகே தடுமாறும். நடுவில் இருக்கிறவர்கள் பலசாலிகள், கனமானவர்கள். மூக்குப் பக்கம் இலகுவான, சமநிலை தெரிந்த ஆட்கள்.

இதை ஏன் முதலில் கேட்கச் சொல்கிறேன் என்றால், பதக்கத்தைக் கேட்டால் ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். இருக்கையைக் கேட்டால் "நான் மூணாம் நம்பர், எனக்கு முன்னால் ஒருத்தன் இருந்தான்" என்று ஆரம்பிப்பார். அந்த ஒருத்தனின் முதுகைத்தான் அவர் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். அந்த முதுகில் இருந்த மச்சம் வரை ஞாபகம் இருக்கும். ஸ்ட்ரோக்காக இருந்தவர் பொறுப்பைப் பற்றிப் பேசுவார். நடு இருக்கைக்காரர் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார் (இது என் கணிப்பு, பெரும்பாலும் பலிக்கிறது). போ இருக்கைக்காரர் எல்லோரையும் குறை சொல்வார், ஏனென்றால் அத்தனை முதுகும் அவருக்கு முன்னால்தான்.

அடுத்து, ஒரு துடுப்பா இரண்டு துடுப்பா என்று கேளுங்கள். ஆளுக்கு இரண்டு துடுப்பு என்றால் ஸ்கல். தனியாள், இரட்டையர், நால்வர் என்று மூன்று வகைப் படகில் ஸ்கல் உண்டு. ஆளுக்கு ஒரே நீளத் துடுப்பு என்றால் ஸ்வீப். பக்கத்துக்கு ஒன்றாக மாறி மாறி வரும், எட்டுப் பேர் படகு அப்படித்தான். வாயால் சொல்லத் திணறினால் ஒட்டடைக் கம்பை எடுத்துக் கையில் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தே காட்டட்டும், தரையில் உட்காரச் சொல்லாதீர்கள், முழங்கால் பாவம். கை தானாகப் பிடிக்கும். ஸ்வீப் ஆளுக்கு ஒரு கை இழுக்கும், இன்னொரு கை மணிக்கட்டைத் திருப்பி அலகை, அதாவது தண்ணீருக்குள் போகும் தட்டையான முனையை, படுக்க வைக்கும். வலது மணிக்கட்டு திரும்பினால் துடுப்பு அவருடைய வலப்பக்கம் இருந்தது என்று அர்த்தம். அது ஸ்ட்ரோக் சைடு. இடது திரும்பினால் போ சைடு. இதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், புகைப்படம் பார்க்கும்போது உதவும். கம்பைக் கொடுத்த பிறகு பேச்சும் வேறு மாதிரி வரும். அதுவரை "ஏதோ போனோம், வந்தோம்" என்றவர், காலை உதைத்துக் காட்டுவார். துடுப்புப் போடுவது கை வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். இருக்கை சக்கரத்தில் நகரும். முதலில் கால் தள்ளும், அப்புறம் முதுகு சாயும், கடைசியில்தான் கை இழுக்கும். திரும்பி வரும்போது இதே வரிசை தலைகீழ், நிதானமாக.

பேட்டிக்கு உட்காரும் நேரம் விடியற்காலை. இவர்கள் வாழ்நாள் முழுக்க நாலரைக்கு எழுந்தவர்கள், சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் பெயர்கள் நழுவும். போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். பாட்டி பக்கத்தில் இருந்தால் பதில் எல்லாம் பாட்டியே சொல்வார். அவரைத் தனியாக இன்னொரு நாள் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். எத்தனை இட்லி, எந்த ரெகாட்டாவுக்காக (படகுப் பந்தயத்துக்காக) எந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை, ஆற்றுத் தண்ணீர் பட்ட துணியை எப்படித் துவைத்தார்கள் என்பதெல்லாம் அவரிடம்தான் இருக்கிறது. கூவம் அளவுக்கு இல்லாவிட்டாலும் அடையாறும் மணக்கிற ஆறு இல்லை.

"எப்படிப் படகுக்கு வந்தீர்கள்" என்ற கேள்விக்கு நேரம் கொடுங்கள். சென்னையில் தெருவில் விளையாடி யாரும் ரோயிங்குக்கு வருவதில்லை. கல்லூரி, கம்பெனி வேலை வழியாகக் கிடைத்த கிளப் உறுப்பினர் அட்டை, ராணுவம், இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். மெட்ராஸ் போட் கிளப் 1867ல் வெள்ளைக்காரர்கள் தொடங்கியது. அங்கே ஒரு தமிழ்ப் பையன் முதலில் எப்படி உள்ளே போனான், யார் கையெழுத்துப் போட்டார், சந்தா எவ்வளவு, எந்தச் செருப்பு போட்டுக்கொண்டு போனான் என்பதெல்லாம் கதை. ராணுவ வழி என்றால் அது வேறு கதை. நாசிக் பக்கம் தண்ணீர்ப் பஞ்சமுள்ள கிராமத்தில் அப்பாவோடு கிணறு வெட்டிக்கொண்டு இருந்த தத்து போகனல், ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனியாள் ஸ்கல்லில் 13வது இடம் வந்தார். கூடவே இன்னொரு கேள்வி: படகைத் தூக்கி வந்து தண்ணீரில் வைத்தவர்கள், மரப்படகில் விரிசல் விழுந்தால் ஒட்டியவர்கள் பெயர் என்ன? எந்தக் கோப்பையிலும் அவர்கள் பெயர் கிடையாது. தாத்தாவுக்குத் தெரியும்.

இனி சரிபார்ப்பு. "சாம்பியன்" என்று குடும்பத்தில் ஐம்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு இருப்பார்கள். எந்தப் போட்டி, எந்த வருடம், எந்தப் படகு என்ற மூன்றும் இல்லாமல் அந்தச் சொல்லை அச்சில் ஏற்றாதீர்கள். இந்திய ரோயிங் சம்மேளனம் 1976ல்தான் அமைந்தது. அதற்கு முந்தைய வருடத்தைச் சொல்லி "நேஷனல் சாம்பியன்" என்றால், கொல்கத்தா, கொழும்பு கிளப்புகளும் சேர்ந்து நடத்திய கிழக்கத்திய அமெச்சூர் ரோயிங் சங்கத்தின் ரெகாட்டாவாக இருக்கலாம். அதை அதன் பெயரிலேயே போடுங்கள், கௌரவம் ஒன்றும் குறையாது. சென்னை-கொழும்பு ரெகாட்டா 1898ல் தொடங்கிய பழைய போட்டி. அதில் போட்டியிட்டு இருந்தால் தனி அத்தியாயமே எழுதலாம். கொழும்பில் எந்த வீட்டில் தங்கினார்கள், கப்பலா ரயிலா விமானமா என்று கேளுங்கள்.

ஆசிய விளையாட்டில் ரோயிங் முதல்முறை சேர்ந்தது 1982ல். போட்டி டெல்லியில் நடக்கவில்லை, ஜெய்ப்பூர் அருகே ராம்கர் ஏரியில் நடந்தது. அந்த ஏரி பிறகு வறண்டே போய்விட்டது. ஆகவே யாராவது "1974 ஆசிய விளையாட்டில் படகு விட்டார்" என்றால் அது வேறு ஏதோ போட்டி. ரோயிங்கில் இந்தியாவின் முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம் 2010 குவாங்சூவில் தனியாள் ஸ்கல்லில் பஜ்ரங் லால் தாக்கர் வென்றது. ஒலிம்பிக் ரோயிங்கில் இந்தியப் படகு முதலில் இறங்கியது 2000 சிட்னியில். இந்த மூன்று வருடங்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொண்டால் பாதிப் பிழை வராது. பெரியவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் மாமாக்கள்தான் ஊதிவிட்டிருப்பார்கள்.

நேரத்தையும் பாருங்கள். 2000 மீட்டரை உலகத் தரத்து ஆண்கள் தனியாள் ஸ்கல்லில் ஏழு நிமிடத்துக்குப் பக்கத்தில் முடிக்கிறார்கள், எட்டுப் பேர் படகு ஐந்தரை நிமிடத்துக்குப் பக்கத்தில். தாத்தா தனியாக ஐந்து நிமிடத்தில் முடித்தார் என்று எழுதியிருந்தால் தூரம் குறைவாக இருந்திருக்கும். அந்தக் காலத்து கிளப் பந்தயங்களில் ஆயிரம், ஐந்நூறு மீட்டர் எல்லாம் உண்டு. காற்றும் தண்ணீர் ஓட்டமும் இடத்துக்கு இடம் மாறுவதால் இந்த விளையாட்டில் உலக சாதனை என்று சொல்வதில்லை, 'சிறந்த நேரம்' என்றுதான் குறிக்கிறார்கள். நீங்களும் நேரத்தோடு காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கேட்டு எழுதுங்கள். ஆச்சரியமாக இருக்கும், அது ஞாபகம் இருக்கும்.

பாட்டியோ அத்தையோ வீராங்கனையாக இருந்தால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. பெண்கள் ரோயிங் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1976ல்தான். உலகப் போட்டிகளில் 1984 வரைக்கும் பெண்களுக்கு 1000 மீட்டர்தான். அவர் சொல்லும் நேரத்தை இன்றைய 2000 மீட்டர் நேரத்தோடு ஒப்பிட்டு யாரும் சிரிக்காமல் இருக்க, தூரத்தைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

புகைப்படங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் எத்தனையோ ஆல்பங்கள் போய்விட்டன. மிச்சம் இருப்பதில் சில, சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வரும். பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்யலாம். 300 டி.பி.ஐ.க்குக் குறையாமல் எடுங்கள், சின்னப் படம் என்றால் 600. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைக் கொண்டு வந்து "இதையே பெரிசாக்குங்கள்" என்று கேட்காதீர்கள், நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

படம் எந்தக் காலத்தது என்று துடுப்பின் அலகே சொல்லும். நடுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக, கரண்டி மாதிரி இருந்தால் பழைய வகை. ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறங்கி, கிட்டத்தட்டச் சதுரமாக இருக்கும் அலகு 1991ல்தான் வந்தது. அந்த அலகு உள்ள படத்துக்குக் கீழே '1978' என்று எழுதி வைத்திருந்தால் எழுதியவரைத் தேடிப் பிடியுங்கள். படம் இடவலம் மாறி அச்சாகி இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஒட்டடைக் கம்பு வைத்துக் கண்டுபிடித்த பக்கமும் படத்தில் துடுப்பு இருக்கும் பக்கமும் ஒத்துப் போக வேண்டும். பெயர் போடும்போது "இடமிருந்து வலம்" வேண்டாம். போ முதல் ஸ்ட்ரோக் வரை இருக்கை வரிசையில் போட்டு, கடைசியில் காக்ஸ் பெயரைப் போடுங்கள். காக்ஸை விட்டுவிடுகிற மலர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நான் சொல்வதில் கொஞ்சம் சுயநலம் உண்டு, சரி.

பதக்கம் தொலைந்து போயிருந்தால் பெரியவர் அந்தப் பேச்சையே தவிர்ப்பார். அப்போது வியாசெஸ்லாவ் இவானோவ் கதையைச் சொல்லுங்கள். 1956ல் ஆஸ்திரேலியாவில் வெண்டூரி ஏரியில் ஒலிம்பிக் தங்கம் வென்று, சந்தோஷத்தில் துள்ளியதில் பதக்கம் ஏரிக்குள் விழுந்தது. குதித்துத் தேடியும் கிடைக்கவில்லை, பிறகு மாற்றுப் பதக்கம் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் அவரே தங்கம் வாங்கினார். இதைக் கேட்டதும், பீரோ மாறிய கதை, கடன் வாங்கிப் போன மச்சினன் கதை எல்லாம் வரும்.

பந்தயத்தை எழுதுவதுதான் எல்லோரும் கெடுக்கிற இடம். "அலைகளைக் கிழித்துச் சீறிப் பாய்ந்தார்" என்று எழுதாதீர்கள். அடையாற்றில் ஏது அலை? அலை இருந்தால் பந்தயமே நடக்காது. அதற்குப் பதில், அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து என்ன தெரிந்தது என்று யோசியுங்கள். காக்ஸைத் தவிர படகில் இருக்கிற எல்லோரும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவுக் கோடு அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. முந்திக்கொண்டு இருக்கிற படகுக்கு எதிராளி தெரிவார். பிந்தி இருக்கிற படகுக்கு யாரும் தெரியமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் இன்னொரு காக்ஸின் குரல் மட்டும் தூரப் போய்க்கொண்டு இருக்கும். ஆகவே "என்ன பார்த்தீர்கள்" என்று ஒரு தரம், "என்ன கேட்டது" என்று ஒரு தரம் கேளுங்கள். தோற்ற பந்தயத்தை விவரிக்க இரண்டாவது கேள்விதான் வழி.

2000 மீட்டரை ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்துக் கேளுங்கள். கிளம்பும்போது நிமிடத்துக்கு நாற்பதுக்கு மேல் துடுப்பு வீச்சு போகும், பிறகு முப்பத்தைந்து வாக்கில் நிற்கும், கடைசியில் மறுபடி ஏறும். மொத்தம் 200 வீச்சுக்கு மேல். முதல் ஐந்நூறு உற்சாகத்திலேயே போய்விடும், கடைசி ஐந்நூறு கூட்டத்தின் சத்தத்தில் போகும். மூன்றாவது ஐந்நூறில்தான் பந்தயம் இருக்கிறது. தொடை எரியும், மூச்சு போதாது, கூட்டமும் இன்னும் எட்டாது. அங்கே அவருக்கு மனதில் என்ன ஓடியது, காக்ஸ் என்ன சொல்லிக் கத்தினான், யாராவது கிராப் பிடித்தார்களா, அதாவது துடுப்பு தண்ணீரில் மாட்டிக்கொண்டதா என்று கேளுங்கள். பந்தயத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினால் ஒரு பக்கம் மூன்றாவது ஐந்நூறுக்கு.

உடம்பைப் பற்றிய பகுதியைச் சிலர் அபசகுனம் என்று விட்டுவிடச் சொல்வார்கள். விடாதீர்கள். கீழ்முதுகு வலி, விலா எலும்பில் விழுந்த மெல்லிய கீறல், முன்கை வீக்கம் எல்லாம் இந்த விளையாட்டின் வழக்கமான சொத்து. விட்ட பிறகு என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள். உழைப்பு ஒரே நாளில் நின்றுவிடும், பசி நிற்காது. சர்க்கரைப் பேச்சு வராத சென்னை வீடு இல்லை, ஸ்டீவ் ரெட்கிரேவ் கதையை அங்கே தாராளமாகச் சொல்லலாம். 1984 முதல் 2000 வரை ஐந்து ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வாங்கிய ஆங்கிலேயர். நான்காவது முடிந்ததும், இனி என்னைப் படகு பக்கம் பார்த்தால் சுட்டுவிடலாம் என்று தொலைக்காட்சியிலேயே சொன்னார். சில மாதங்களில் திரும்பி வந்தார். 1997ல் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. ஊசி போட்டுக்கொண்டு பயிற்சி செய்து, 38 வயதில் ஐந்தாவது தங்கத்தை வாங்கினார்.

அந்தக் கதையிலிருந்து உங்களுக்கு வேண்டியது ஒன்று: "எப்போது நிறுத்தினீர்கள்" என்ற கேள்விக்கு இரண்டு தேதி உண்டு. கடைசிப் பந்தயம் ஒரு தேதி, உண்மையில் விட்டது இன்னொரு தேதி. நடுவில் வருவதுதான் ஓய்வின் கதை. ஏன் விட்டீர்கள் என்று நேராகக் கேட்டால் "வேலை, குழந்தைகள்" என்று முடித்துவிடுவார். "உங்கள் இருக்கையில் அப்புறம் யார் உட்கார்ந்தார்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள்.

எழுதி முடித்ததும் புரூஃபை பதினான்கு பாயிண்டில் எடுத்து அவரிடம் கொடுங்கள், சின்ன எழுத்தைப் படிக்காமலே தலையாட்டிவிடுவார். இன்னொரு பிரதியை அதே படகில் இருந்த ஒருவருக்கு அனுப்புங்கள். இருவரும் சண்டை போடுகிற வரிகளை நீக்க வேண்டாம், இரண்டு பேர் சொன்னதையும் போடுங்கள். செய்தித்தாள் துணுக்கு ஏதாவது தேட வேண்டுமென்றால் எழும்பூர் கன்னிமாராவில் பழைய நாளிதழ் பிரிவு இருக்கிறது. வருடமும் மாதமும் தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரம் போகும்.

அச்சு விஷயம் சுருக்கமாக. பக்கங்கள் நான்கின் மடங்கில் இருக்கட்டும், அப்போதுதான் சென்டர் பின் சரியாக வரும். எழுத்துப் பக்கங்களுக்கு மேப்லித்தோ தாள், படங்களுக்கு மட்டும் நடுவில் ஆர்ட் பேப்பர். விசேஷத்துக்கு மூன்று வாரம் முன்னால் மேட்டர் கொடுங்கள். கிளப்புக்கு ஒரு பிரதி, கூடப் படகு விட்டவர்கள் வீட்டுக்கு ஆளுக்கு ஒன்று என்று கணக்குப் பார்த்துச் சேர்த்து அடியுங்கள். பிறகு வந்து இருபது பிரதி மட்டும் வேண்டும் என்றால் விலை இரட்டிப்பாகும், கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.